ஒன்றுவிட்ட

கொண்டலாம்பட்டிக்கு ஐந்நூறு மீட்டர் இருக்கையிலேயே
போர்டு சொல்லிவிட்டது: இடப்பக்கம் மூடல்.
நான் யோக்கியன். அப்போதே வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.
வண்டியில் நாற்பது மூட்டை ஜவ்வரிசி.
பக்கத்து சீட்டில் பில், பாதி முறுக்கு.

இடப்பக்கம் காலியாகக் கிடந்தது.
அதில் ஒரு வெள்ளைக் கார் வழுக்கிக்கொண்டு போனது.
பிறகு ஒரு டெம்போ.
பிறகு, குடும்பத்தோடு ஒரு மொபெட்.
ரேஷன் கடை வரிசையில்
எனக்கு முன்னால் பையை வைத்தவர்களைப் பார்ப்பதுபோல்
அவர்களைப் பார்த்தேன்.
அடுத்து வந்த மீன் வண்டியை விடவில்லை.
ஸ்டியரிங்கை ஒடித்து
இரண்டு தடத்துக்கும் குறுக்கே நின்றேன்.
நீதி அன்றைக்கு
ஏழடி அகலம்.

பின்னால் ஒரே ஹாரன்.
கண்ணாடியில் பார்க்கிறேன், என் நேர்மையின் வால்
வளைந்து நீண்டு
சீலநாயக்கன்பட்டி பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.
நடுவில் பிரிந்து வேறு ஊர் போக வேண்டியவர்களும்
அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டிரம் பக்கத்தில் கொடி பிடித்து நின்றவள்
நடந்தே வந்தாள்.
(“ஏ பாவாயி, விடு” என்று யாரோ கூப்பிட்டார்கள்.
அவள் விடவில்லை.)
“தார் போட்ட ரோட்டை எதுக்குண்ணே காலியா வெச்சிருக்கீங்க,
கோலம் போடவா?
ரெண்டு பக்கமும் டிரம் வரைக்கும் வரட்டும்.
அங்க வந்து ஒண்ணு விட்டு ஒண்ணு.”
கொடிக் கம்பால் பானட்டில் ஒரு தட்டு.

நேரானேன். மீன் வண்டி ஊர்ந்து வந்து
என் தோளுக்கு இணையாக நின்றது.
ஐஸ் தண்ணீர் சொட்டியது.
அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும்.
டிரம் வந்ததும்
முன்னால் போன லாரிக்கும் எனக்கும் நடுவே
ஒரு வண்டி நீளம் விட்டேன்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல் இருந்தது.
அவன் மூக்கை நுழைத்தான்.
அவனுக்குப் பின்னால் நான்,
எனக்குப் பின்னால் அந்தப் பக்கத்து டவுன் பஸ்,
அதற்குப் பின்னால் இந்தப் பக்கத்துக் கரும்பு லாரி.
பல்லுக்குப் பல் என்பதைப்
பழிவாங்கத்தான் கேட்டிருக்கிறேன்.
என் மகளின் ஸ்கூல் பை
தினமும் அப்படித்தான் மூடுகிறது.

ரோடு மறுபடி அகலமானது.
மீன் வண்டிக்காரன் கையை வெளியே நீட்டி
இரண்டு விரலை அசைத்தான்.
நன்றியா, பீடிச் சாம்பலா, தெரியவில்லை.

பெரியப்பா மகனை
ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறோம்.
ஒன்று விட்டதால் முன்னால் போகிற இவன்
எனக்கு என்ன முறை?

முறுக்கை எடுத்துக் கடித்தேன்.
அரியானூர் வரைக்கும்
மீன் வாடைக்குப் பின்னாலேயே போனேன்.