முக்காலே மூணு வீசம்

நாகலூருக்கு மேலே காப்பித் தோட்டம் முடிகிற சரிவில்
நானூற்று முப்பத்திரண்டு பைன் கன்றுகள்.
இரண்டு வயது.
ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினியத் தகடு,
தகட்டில் ஆணியால் குத்திய எண்.

மூங்கில் கழி, காலிப்பர், ஒரு மீட்டர் கயிறு.
கயிற்றைத் தூரில் பிடித்துச் சுற்றி வந்தால்
அதுதான் அந்தக் கன்றின் ஊர்.
ஊருக்குள் வேறு யார் குடியிருக்கிறார்கள்,
எவ்வளவு இடம், எத்தனை உயரம்,
இதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
படிவம் அவர்களைப் போட்டியாளர்கள் என்கிறது:
உண்ணிச்செடி, பெரணி, போதைப்புல், இதர.
இதரவில் பாதியைப் பழனாயி பேர்சொல்லிக் கூப்பிடுகிறாள்.
சுக்குட்டிக் கீரையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்கிறாள்.
அளந்த பிறகு கிள்ளு, என்றேன்.
நீ அளக்கறதுக்குள்ள முத்திரும், என்றாள்.

களை எவ்வளவு மூடியிருக்கிறது என்று
இருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும், விதி.
நான் அறுபது என்பேன்.
மிளகு மண்டியில் நாலு வருஷம் நிறுத்துப் போட்டவள்
அரையே அரைக்கால் என்பாள்.
படிவம் ஐந்தைந்தாகத்தான் வாங்கும்.
அவள் சொன்னதில் கொஞ்சத்தை
வழியில் சிந்திக்கொண்டே நடப்பேன்.

உயரம் பொய் சொல்லும்.
மூன்றாம் மாதத்தில்தான் கண்டுகொண்டேன்.
களையெடுத்த பாத்தியிலும் எடுக்காத பாத்தியிலும்
கழி ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது.
நெருக்கத்தில் வளர்ந்தது எக்கி நிற்கிறது,
குழுப்படத்தில் பின்வரிசைப் பிள்ளை மாதிரி.
குனிந்து தூரில் காலிப்பரை வைக்க வேண்டும்.
இங்கே பதினெட்டு மில்லிமீட்டர்.
அங்கே ஏழு.

சித்திரையில் காட்டெருமைகள் வந்தன.
சுத்தமாகக் களையெடுத்த பாத்தி வழியாகவே போயிருக்கின்றன,
நாங்களே பாதை போட்டுக் கொடுத்ததுபோல.
முப்பத்தொரு கன்றுகள் முறிந்து கிடந்தன.
'இறந்தது' என்று ஒரு கட்டம் உண்டு,
யாரால் என்று இல்லை.
சேலத்துக்குப் போன் செய்தேன்.
அதையெல்லாம் விலக்கிடுங்க, என்றார் தாமோதரன் சார்,
கணக்கைக் கெடுக்கும்.

இருநூற்றுப் பதினேழைக் காணோம்.
உண்ணிச்செடி தலைக்கு மேல் பின்னிக் கிடந்தது.
கையெல்லாம் கீறல்.
செத்தது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
பழனாயி குப்புறப் படுத்து உள்ளே தலையை விட்டாள்.
தகடு இருக்கு, என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
ஊசி பச்சையா இருக்கு.

தூர் ஐந்து மில்லிமீட்டர்.
என் பேனாவில் பாதிகூட இல்லை.

எவ்வளவு மூடியிருக்கு?
முக்காலே மூணு வீசம்.
தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

மிச்சம் ஒரு வீசம்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
மூன்றரை மணி மேகம் ஏறுவதற்கு முன்
உண்ணி இலைகளுக்கு நடுவே
இரண்டு விரற்கடை வெயில் இறங்கியது,
தகட்டின் மேல், பிறகு நகர்ந்து
நாலைந்து ஊசிகளின் மேல்.

அவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள்.
அடுத்தது, என்றாள், இருநூத்திப் பதினெட்டு.