ஒரு சாண் கூடுதல்

டன்வெல் வளைவில்
மூன்று தெரு, ஒரு பாலம், ஒரு மதுக்கடை.
மதுக்கடையின் ஆற்றுப்பக்கச் சுவரில்
வெள்ளம் வந்த ஆண்டுகள் கோடுகளாக:
1974, என் இடுப்பளவு.
1921, என் நெற்றி.
எல்லாவற்றுக்கும் மேலே
தலைக்கு மேல் நாலு விரற்கடையில்
1956.

மார்ச் முதல் சனிக்கிழமை
ஊர் அந்தச் சுவருக்கு விழா எடுக்கும்.
கோடுகளுக்குப் புதிதாய் நீலம் தீட்டுவார்கள்.
கசாப்புக்கடை கோலின் அடுப்பில் சாசேஜ் புகையும்.
பள்ளிப் பிள்ளைகள்
அட்டைப் படகுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு
தெருவைக் கடப்பார்கள்,
சொட்டுத் தண்ணீர் இல்லாத தெருவை.

போன வருடம் சுவரில் விரிசல்.
பிரித்துக் கட்டப் பணம் வேண்டும்.
கேக் விற்றார்கள்.
ஆட்டுக்குட்டி ஒன்றைக் குலுக்கலில் விட்டார்கள்;
பரிசு விழுந்தவர் குட்டியைத் திருப்பிக் கொடுக்க,
மறுபடி குலுக்கினார்கள்.
கோடுகள் இடம் மாறாதிருக்க
அளவெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.
நீர்வளத் துறைக்காரனான என்னைக் கூப்பிட்டார்கள்,
ஏகாம்பரம் என்ற பெயரை
வந்த வாரமே ‘ஏக்’ என்று நறுக்கிக்கொண்டவர்கள்.

மட்டக்கருவியை நிறுத்திப் பார்த்தேன்.
74 சரி. 21 சரி.
56 தப்பு.
ஆறு அவ்வளவு ஏறியிருந்தால்
எதிரே ரயில் மேடை மூழ்கியிருக்கும்.
அன்றைக்கு மூன்று ரயில்கள்
நேரத்துக்கு வந்ததாகப் பதிவேடு சொல்கிறது.
ஒரு சாண் கூடுதல்.
கழித்தால் 56
என் மூக்குக்கு இறங்கிவிடும்,
21க்கும் கீழே.

நூலகப் பின்னறையில் பதினொரு பேர்.
சொன்னேன்.
வெந்நீர்ப் பானை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
“உன் மெஷின் வழியில குலுங்கியிருக்கும்” என்றார் கோல்.
தியா வசிலியு கோப்பையைக் கீழே வைத்தாள்,
எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

எனக்கு வேளச்சேரி ஞாபகம்.
2015 டிசம்பரில் நெஞ்சளவு நின்ற தண்ணீர்
கூடத்துச் சுவரில் விட்டுப்போன பழுப்புக் கோட்டின் மேல்
பொங்கலுக்குள் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டார் வீட்டுக்காரர்.
“தண்ணியா? இந்தப் பக்கமே வரலீங்க” என்றார்
வீடு பார்க்க வந்தவர்களிடம்.
நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.
சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்க.

கேக் விற்ற பணத்தின் டப்பாவை
மடியில் வைத்திருந்த பொருளாளர் மெர்ல் ஹாக்கடே
மூடியைப் பார்த்தபடியே சொன்னாள்:
“அப்பா நாற்காலி மேல ஏறித்தான் கோடு போட்டார்.
கீழ்க்கரை ஊர் மதுக்கடைல முந்தின நாளே போட்டுட்டாங்க.
பத்திரிகைக்காரன் மத்தியான பஸ்ல வர்றான்.
எனக்கு ஒன்பது வயசு.
நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டது நான்தான்.”

சாண் வெள்ளத்துக்கு முழப் பேச்சு என்று
எங்கள் பக்கம் சொல்லியிருப்பார்கள்.
இங்கே கோல்தான் முதலில் சிரித்தார்.
பிறகு சண்டை.
இறக்கு என்றார்கள் சிலர்.
இத்தனை வருடம் பூசிய நீலத்துக்கு
மதிப்பில்லையா என்றார்கள் சிலர்.
பலகையில் என்ன எழுதுவது என்பதற்கே
மூன்று கூட்டம், இரண்டு ராஜினாமா,
அதில் ஒன்று வாபஸ்.

கடைசியில் நின்றது இரண்டு வரி:
தண்ணீர் இது வரை.
நாற்காலி அது வரை.

இந்த மார்ச்சில் புதுச்சுண்ணாம்பு மணக்கும் சுவரடியில்
வரிசையில் நிற்கிறார்கள் பிள்ளைகள்.
ஒவ்வொருவராய் நாற்காலியில் ஏறி
மேல்கோட்டைத் தொட வேண்டும், படம் எடுக்க வேண்டும்.
நாற்காலி பழசில்லை,
பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலி.
ஆடுவதில்லை.
ஆனாலும் குனிந்து அதன் முதுகை
இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள் மெர்ல்,
சாசேஜ் சாப்பிட வரச் சொன்னாலும்
விடாமல்.