ஒன்றரை நிமிடம்

'முட்டை மட்டும் வைக்காதீங்க' என்று
மைக்ரோவேவ் கதவில் ஒட்டியிருந்தாள்.
ஓட்டை உரித்துவிட்ட அவித்த முட்டை
இன்னும் முட்டைதானா என்று
எனக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்றார்.
வைத்தேன்.
நாற்பதாவது விநாடியில் தீர்ப்பு வந்தது.

ரெலாவ், பதினோராவது மாடி, காலை ஏழே முக்கால்.
பாயான் லெப்பாஸ் பாக்டரியில் இரவெல்லாம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளில் கீறல் தேடிய கண்.
அந்தக் கண்ணுக்கு
பெட்டியின் கூரையில் அப்பிய மஞ்சள் கருவின்
ஒவ்வொரு துகளும் தெரிந்தது.

கோமளாதேவி ஏழு பத்துக்கே பஸ் ஏறியிருப்பாள்.
அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு இரவு.
வாரத்தில் ஆறு நாள் எங்கள் குடித்தனம்
இந்த இருபது லிட்டர் பெட்டிக்குள்தான் நடக்கிறது.
மூடி கவிழ்த்த ஒரு தட்டு.
கதவில் ஒரு துண்டுச் சீட்டு:
'ஒன்றரை நிமிஷம். நடுவுல ஒரு தடவ கிளறுங்க.
ஓரம் கொதிக்கும், உள்ளே சில்லுன்னு இருக்கும்.
உங்களாட்டம்.'

சரி. துடைக்க வேண்டும்.
கண்ணாடிக் கிண்ணத்தில் பாதித் தண்ணீர்,
நறுக்கிய லீமாவ் கஸ்தூரி நாலு,
கூடவே ஒரு மரக்கரண்டி.
கரண்டி இல்லாவிட்டால் தண்ணீர்
கொதிப்பதைக் காட்டிக்கொள்ளாமல் கொதிக்குமாம்,
தொட்டதும் முகத்துக்கு எழும்புமாம்.
அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மூன்று நிமிடம் ஓடவிட்டு
ஐந்து நிமிடம் திறக்காமல் இருக்க வேண்டும்.
ஆவி தன் வேலையைத் தானே செய்யும்.
சும்மா இருப்பதுதான் சிரமம்.
ஜன்னலோரத்தில் மணிப்பிளான்ட் தொட்டிக்கு அடியில்
தங்க விளிம்புத் தட்டு.
கல்யாணத்துக்கு பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஆறில் ஒன்று.
முதல் மாதம் அதில் சாம்பாரை வைத்துச் சூடாக்கப் போய்
உள்ளே நீலப் பொறி பறந்தது.
அவள் ஈரத் தலையோடு ஓடிவந்து
சுவிட்சை அணைத்தாள்.
தங்கம் இருந்த இடத்தில் இன்னும்
ஒரு கறுப்புப் பல்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
கம்பி நார் வேண்டாம், மெல்லிய துணி போதும்.
வலப்பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருக்கும் தகட்டை
சுரண்டக் கூடாது, ஒத்தி எடுக்கணும்.
கதவின் விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு வலம்;
அங்கே அழுக்கு சேர்ந்தால் கதவு சரியாக மூடாது.
மஞ்சள் கரு ஊறிக் கழன்றது. அதற்கடியில்
சம்பல் சிவப்பு, போன மாதத்து மைலோ.

சுழலும் தட்டு ஆறட்டும் என்று காத்திருந்து
அதைத் தூக்கியபோதுதான் பார்த்தேன்.
உருளை வளையத்துக்கடியில் காய்ந்துபோன மெகி மீ,
சுருள் சுருளாக.
பக்கத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு, உருகி இறுகியது.
தாப்பாவ் பெட்டி நுரை.
'நுரைப் பெட்டியோட வைக்காதீங்க, விஷம்' என்று
மூன்று சீட்டு எழுதியவள்.
எந்த இரவு அது?
எனக்குச் சோறும் கீரையும் ஆக்கி மூடி வைத்துவிட்டு
தனக்கென்று ஒரு கிண்ணம் கழுவக்கூடக்
கையில் தெம்பில்லாத இரவு.

நகத்தால் பெயர்த்தெடுத்தேன். வராமல் வந்தது.
குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டேன்.
ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஈரம் காயக் கதவைத் திறந்து வைத்தேன்.
தூங்கி எழுந்து அரிசி களைந்தேன்.
பருப்பும் கத்தரிக்காயும்,
உப்பு ஒருவேளை அதிகம்.
கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு
மூடியைச் சற்றே ஒருக்களித்து உள்ளே வைத்தேன்.
'ரெண்டு நிமிஷம். கிளறவும்.
இன்னைக்கு மெகி வேணாம்' என்று எழுதி ஒட்டிவிட்டு
ஆறு பத்து பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை கதவில் அவள் எழுத்து:
'கழட்டிப் போட்ட சட்டைக் காலர்ல மஞ்சள் கரு.
ஊற வெச்சிருக்கேன்.
பையில இருந்தத எடுத்துட்டேன்.
கிளற மறந்துட்டேன்,
நடுவுல சில்லுன்னுதான் இருந்துச்சு.
முழுசும் சாப்பிட்டேன்.'