வில்லங்கம் ஏதுமில்லை

அவிநாசியிலிருந்து சேவூர் போகும் வழி.
எட்டு சென்ட், ஆறு லைன் வீடு,
ஐம்பத்தெட்டு லட்சம்.
பனியன் கம்பெனியில் பகலெல்லாம்
அடுத்தவர் டஜன்களை எண்ணுகிறவள் நான்.
முதல்முறையாக எனக்காக எண்ணினேன்.

ஐந்து வீடு நாலாயிரத்து இருநூறு,
மூன்றாம் எண் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு.
வருடத்துக்கு இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம்.
நூற்றுக்கு ஐந்து ரூபாய் ஏழு பைசா.
பேங்கில் போட்டாலே கூட வரும்.
"பேங்குக் காசு ஆட்டுக்குட்டி போடுமுங்க,
ரோட்டோர எடம் யானைக்குட்டியல்ல போடும்"
என்றார் புரோக்கர் மருதாசலம்.
அவர் கமிஷன் நூற்றுக்கு இரண்டு,
முத்திரையும் பதிவும் ஒன்பது.
யானைக்குத் தீனி அப்போதே தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனேன்.
பத்திரத்தில் பதினாறடி இட்டேரி;
கிளுவை வேலிக்கு வேலி பிடித்தால் பதினொன்றரை.
மீதி நாலரையடியில்
பக்கத்துத் தோட்டத்துக்காரர் தென்னை
ஏற்கெனவே காய்க்கிறது.
போர்த்தண்ணி உப்பு.
செப்டிக் டேங்க் மூடி விரிசல்.
எழுதிக்கொண்டேன், விலையில் கழிக்க.

வக்கீல் குமாரவடிவேல்
முப்பது வருட வில்லங்கச் சான்றை
விரலால் தடவித் தடவிப் படித்தார்.
அடமானம் இல்லை, ஜப்தி இல்லை,
பட்டா விற்பவர் பேரிலேயே.
"சுத்தமா இருக்குங்களா சார்?"
"சான்று சுத்தம்.
பதியாததை அது எப்படிங்க சொல்லும்?"

வாரிசுச் சான்றை எடுத்துப் போட்டார்.
உயில் எழுதாமல் செத்த அப்பனுக்குப் பிள்ளைகள் நாலு.
பாகப்பிரிவினையில் கையெழுத்து மூன்று.
மூன்றும் மீசை வைத்தவை.
நாலாவது பேர் கருணாம்பிகை.
"கட்டிக் குடுத்தாச்சுன்னு விட்டிருப்பாங்க.
விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வாங்க. இல்லீன்னா
பத்து வருசம் கழிச்சு நீங்களும் நானும்
கோர்ட்டு வாசல்ல டீ குடிப்போம்."

அந்த அம்மா எங்கே என்று கேட்டதும்
மருதாசலம் செல்போன் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"வேற எங்கீங்,
மூணாம் நம்பர்லதான்."

கதவு திறந்தே இருந்தது.
பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்,
பீஸுக்கு இருபத்தஞ்சு பைசா.
எங்கள் கம்பெனி லேபிள்.
"கையெழுத்துக்கு ஆள் வரும்னு தெரியுமுங்.
நீங்க லேட்டு."
அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து நோட்டு வந்தது.
பதினோரு வருடம், மாதாமாதம்,
அண்ணன் கிறுக்கிய ஒப்பத்தோடு.
அறுபது மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு,
எழுபத்திரண்டு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
கூட்டியும் வைத்திருந்தார்:
நாலு லட்சத்து ரெண்டாயிரம்.
"எங்கப்பன் எடத்துல நான் குடுத்த வாடகை.
இது திரும்பி வந்துட்டா
எங்க வேணா வெக்கறனுங் கையி."

கூட்டல் சரி.
ஐம்பத்தெட்டை நாலால் வகுக்க
எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.
பதினாலரை.
நான் வாயை மூடிக்கொண்டால்
பத்து லட்சத்துச் சொச்சம் அண்ணனுக்கு மிச்சம்.
பேரம் பேசினால் எனக்கும் கொஞ்சம்.
எவ்வளவு என்றும் போட்டுப் பார்த்தேன்,
அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே.

அப்புறம் சொல்லிவிட்டேன்.
கத்தரி நின்றது.
"அப்ப இந்த வாடகை?"
"அது வேற கணக்குங்க்கா."

இப்போது அண்ணன் என் போனை எடுப்பதில்லை.
"உங்களை யாருங்க கேட்டது" என்கிறார் வக்கீல்.
மருதாசலம் வேறு பார்ட்டி பார்க்கிறார்.
அட்வான்ஸ் இரண்டு லட்சம் உள்ளே நிற்கிறது,
அக்ரிமெண்டில் நாற்பத்தொரு நாள் மீதி.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக்
கருணாம்பிகை கூப்பிட்டார்.
மோட்டார் புகைஞ்சிருச்சாம்,
ஆறு வீட்டுக்கும் தண்ணியில்லை.
"யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியலீங்."
காயில் கட்ட எவ்வளவு ஆகும் என்று
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.