பசு, வயது நான்கு

சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.
செக்கானூரணியில் எந்தப் பசுவுக்கு
இத்தனை வலி என்று நான் கேட்கவில்லை.
ஆறு குப்பி. ரசீது போட்டேன்.

ஞாயிறு காலை கடைவாசலைத் தாண்டி
நடுக்குதிரைப் பந்தயம் போனது.
மொக்கராசுவின் சாம்பல் குதிரை முன்னால்,
இடது முன்னங்கால் வீங்கி,
வலியே இல்லாமல்.
வலித்திருந்தால்
வளைவுக்கு முன்னமே நின்றிருக்கும்.

கரும்பு ஒடிக்கிற சத்தம் என்றார்கள்.
எனக்குக் கேட்கவில்லை, கடையில் கூட்டம்.
குதிரைக்கும் தெரியவில்லை போல:
ஒடிந்த காலோடு
இன்னும் நாலு எட்டு வைத்ததாம்.

சாயங்காலம் மொக்கராசு வந்தான்.
உடைக்காத குப்பி இரண்டு.
"திருப்பி எடுத்துக்கிருவீங்களா?"

எடுத்துக்கொண்டேன்.
பழைய ரசீதைத் தேடிப் பிடித்து
பசுவின் கணக்கில்
நூற்று எண்பது ரூபாய் கழித்தேன்.