முரசு

காலையில் துப்பியதில் சிவப்பு.
கீழே இல்லை, வாயில்தான் என்று
பேசினைப் பிடித்தபடி
இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் ஏழாம் மாடி.
யன்னலுக்கு எதிரே இன்னொரு ஏழாம் மாடி.
கோட்டையில் வங்கி, நிலக்கீழ் அறை, ஏசி.
இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து
"உமக்கு வெயில் காணாது" என்றார் டொக்டர் ஃபர்ஹானா.
கொழும்பில் இருந்துகொண்டு!

எண்ணெய் நிறத்தில் ஒரு குளிசை,
ஞாயிறுக்கு ஞாயிறு.
வெயில் சும்மா கொட்டுகிற ஊரில்
பற்றுச்சீட்டோடு அதை வாங்கிவந்த சுகிர்தன்
போனில் அலாரம் வைத்திருக்கிறான்.
இது ஆறாவது.

மெல்லிய பிரஷ். மெதுவாக.
முரசு என்றுதானே எங்கள் வீட்டில் சொல்வோம்
பல் நிற்கிற சதையை.
இன்று அது அடங்கியிருக்கிறது.
தொப்புளுக்குக் கொஞ்சம் இடப்பக்கம்
யாரோ தட்டுகிறார்கள்.