பெயரிடாதது, ஏழு

ஃபெரியின் பக்கவாட்டில்
ஒரு சாண் அகலத் துருவை
எட்டடிக்குப் பெரிதாக்கி
லெபோ பந்தாய்க் கடைவீட்டு மாடியில் மாட்டியிருக்கிறேன்.
மஞ்சள்.
மஞ்சள் உரிந்த இடத்தில் வேறொரு மஞ்சள்.
குறுக்கே, காய்ந்த புண்ணின் பொருக்குபோல
மேடிட்ட ஒரு கோடு.

பாலைவனம் என்றார் ஒருவர்.
படுக்கவாட்டில் கிடைக்குமா, ஓட்டல் வரவேற்பறைக்கு
என்று கேட்டவளிடம்
எப்படி மாட்டினாலும் சரிதான் என்றேன்.
விலை சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது.

யாரிடமும் சொல்லாதது:
இளவேந்தன் அக்கரைக்குப் போன அன்று
அவன் போட்டிருந்த சட்டை மஞ்சளா
அவனை ஏற்றிப்போனது மஞ்சளா
என்று இருபத்திரண்டு வருடமாகக் குழம்புகிறேன்.
முகம் எப்போதோ போய்விட்டது.
போலீஸ் புகாரோடு இணைத்த ஐசி நகலில் இருப்பது
படமெடுப்பவர் சொன்னதற்காக
மூச்சடக்கிக்கொண்ட யாரோ.
நிறம்தான் நின்றது,
விளக்கை அணைத்த பிறகும் இமைக்குள் நிற்குமே, அப்படி.
அதனால்தான் கரையோ கம்பியோ வானமோ
சட்டத்துக்குள் வராதபடி
லென்ஸை இரும்பின் மூச்சுவரை கொண்டுபோனேன்.
அன்றைக்கும் அங்கே இருந்த இரும்பு அல்லவா.
பார்த்திருக்கும் அல்லவா.

கடைசி நாள், மூடப்போகும் நேரம்.
கீழே மீ சாப்பிட வந்தவர் மழைக்கு மாடியேறினார்.
வடமலை, பாகான் டாலாம் என்றார்.
ஈரச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு
மற்ற பதினொரு படங்களையும் பாராமல்
நேரே இதன் முன்னால் வந்து நின்றார்.
தொடாதீர்கள் அட்டைக்குப் பக்கத்திலேயே
விரலை வைத்து அந்தக் கோட்டைத் தடவினார்.

"இது நான் பத்தவச்சது.
இங்க பாருங்க, வளைஞ்சிருக்கு.
அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.
பத்து வருசம் இருக்கும்."

பத்து.
இருபத்திரண்டில் பத்து போக
என்று விரல் மடக்கத் தொடங்கி நிறுத்தினேன்.
இந்தத் தகடு அவனைப் பார்த்ததேயில்லை.
கீழே யாரோ கோப்பி ஆற்றும் சத்தம்.

"அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"பழைய தகடு. அரிச்சுப்போச்சு, வெட்டிப் போட்டுட்டோம்.
ரெண்டு நாள் வெறும் ஓட்டையா கெடந்துச்சு.
உள்ளேருந்து பார்த்தா கடல் தெரியும்."

சொல்லிவிட்டு
மழை விட்டதா என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஓட்டல்காரிக்குப் போன் செய்து
நிமிர்த்தித்தான் மாட்டவேண்டும் என்றேன்,
கோடு மேலே இருக்கும்படி.
ஏன் என்றாள்.
ஒழுகும் என்றேன்.